கொய்யாத் தோட்டத்துப் பழ ஈக்கள்: படத்தை வைத்து இனம் பிரிக்க முடியுமா?

ஆயக்குடி வேலி:

அனைவருக்கும் வணக்கம். பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடிப் பகுதியில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் கொய்யாவும், வேலியோரத்தில் பத்துப் பன்னிரண்டு மாமரங்களும், வீட்டுத் தேவைக்கு ஒரு பாகல் பந்தலும் இருக்கின்றன. சென்ற ஆண்டு கொய்யாவில் புழு அதிகமாக விழுந்ததால் இந்த முறை மீத்தைல் யூஜினால் என்ற ஈர்ப்புப் பொருள் வைத்த பொறிகளைக் கட்டினோம். பொறியில் ஈ விழுவதைப் பற்றி எனக்குக் குறையில்லை. ஆனால் விழுந்தவற்றைக் கொட்டிப் பார்த்தபோது எல்லாம் ஒரே ஈயாகத் தெரியவில்லை. சில பெரிதாகக் கறுத்திருக்கின்றன, சில சிறியவை, ஒன்றிரண்டு செம்பழுப்பு நிறம். கைப்பேசியில் படமெடுத்துப் பெயர் சொல்லும் செயலி ஒன்றில் போட்டுப் பார்த்தேன். ஒரே ஈயை மூன்று பக்கமிருந்து எடுத்த மூன்று படங்களுக்கு அது மூன்று பெயர்களைச் சொன்னபோது அதன் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது.

ஏழு படங்களை இணைத்திருக்கிறேன். முதல் இரண்டும் பொறியில் செத்துக் கிடந்தவை; கறுப்பு முதுகு, இருபக்கமும் மஞ்சள் கோடு. மூன்றாவது, கொய்யாக் காயின் மேல் உயிரோடு உட்கார்ந்திருந்த செம்பழுப்பு ஈ. நான்காவது, கறுப்பு முதுகுடைய சிறிய ஈ. ஐந்தாவது பாகல் பந்தலில் எடுத்தது. ஆறாவது, கீழே விழுந்து அழுகிய பழத்தில் மொய்த்த மிகச் சிறிய ஈ. ஏழாவது உடல் முழுவதும் வைக்கோல் நிறத்தில் வெளிறிப்போயிருந்த ஓர் ஈ. இதற்குச் செயலி பெயரே சொல்லவில்லை. இவை எத்தனை இனங்கள் என்பதைப் படங்களை மட்டும் வைத்துச் சொல்ல இயலுமா, இயலாதென்றால் எப்படி எடுத்து அனுப்பினால் சொல்ல இயலும் என்பதை அறிய விரும்புகிறேன்.

நுண்பெருக்கி:

வணக்கம். முதலில் ஆறாவது படத்தைத் தள்ளி வைத்துவிடுவோம். சிவந்த கண்ணும் மூன்று மில்லிமீட்டர் அளவும் கொண்ட அது, காயைத் துளைத்து முட்டையிடும் பழ ஈயின் குடும்பமே அன்று. பழுத்துப் புளித்த பழத்தைத் தேடி வரும் டிரோசோஃபிலா குடும்பத்தது. தலையிலிருந்து முதுகு வரை கறுப்பு ஓரமிட்ட வெண்கோடுகள் ஓடுவதைப் பார்த்தால் சாப்ரியோனஸ் இண்டியானஸ் என்றே தோன்றுகிறது. இரண்டு குடும்பங்களையும் நாம் 'பழ ஈ' என்ற ஒரே சொல்லால் அழைப்பதால் வரும் குழப்பம் இது. உங்கள் கொய்யாவில் புழு வைத்தது இதுவல்ல. புழு வைத்துக் கெட்டுக் கீழே விழுந்த பழத்துக்குப் பின்னால் வந்தது.

மற்ற ஆறு படங்களிலும் பெரும்பாலோர் செய்வதைத்தான் நீங்களும் செய்திருக்கிறீர்கள்: நிறத்தையும் அளவையும் முதலில் பார்த்திருக்கிறீர்கள். இந்தக் கூட்டத்தில் நிறம் ஏமாற்றும். நான் முதலில் பார்ப்பது இறக்கையின் முன்விளிம்பு, பிறகு முதுகுக் கோடுகள், அதன்பின் முகம்.

பேக்ட்ரோசெரா டார்சாலிஸ் என்ற மாம்பழ ஈயில், இறக்கையின் முன்விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய பழுப்புக் கோடு அறுபடாமல் ஓடி, நுனியைச் சுற்றிச் சற்று வளைந்து முடியும். பேக்ட்ரோசெரா கரெக்டாவிலும் பேக்ட்ரோசெரா சோனேட்டாவிலும் அந்தக் கோடு பாதி வழியிலேயே நின்றுவிடும். நடுவில் தெளிந்த இடைவெளி. பிறகு இறக்கை நுனியில் தனியாக ஒரு பழுப்புப் பொட்டு. உங்கள் முதல் இரண்டு படங்களில் கோடு தொடர்கிறது, முதுகின் இருபுறமும் மஞ்சள் கோடு இருக்கிறது, நடுக்கோடு இல்லை, வயிற்றின் மேல் ஆங்கில 'டி' எழுத்துப் போன்ற கறுப்புக் குறி இருக்கிறது. இவற்றை டார்சாலிஸ் குழு என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ('குழு' என்று நான் ஏன் சொல்கிறேன் என்பதை வேறு யாராவது விளக்குவார்கள்.)

நான்காவது படத்தில் இறக்கை நுனியில் ஒரு கறை தெரிகிறது. அது தூசியாக இல்லாத பட்சத்தில் இது கரெக்டாவாக இருக்கலாம். கொய்யாத் தோட்டத்தில் எதிர்பார்க்க வேண்டிய ஈயும் அதுதான். உறுதிப்படுத்த முகம் வேண்டும். டார்சாலிஸிலும் சோனேட்டாவிலும் உணர்கொம்புகளுக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தனித்தனிக் கறுப்புப் பொட்டுகள் இருக்கும். கரெக்டாவில் அவை குறுக்கே நீண்டு, வாய்க்கு மேல் மீசை வைத்தது போன்ற ஒரு கறுப்புப் பட்டையாகத் தோன்றும். நேருக்கு நேர் எடுத்த ஒரே ஒரு முகப்படம் இருந்திருந்தால் இந்த வரிகளை நான் எழுதியே இருக்க வேண்டாம்.

மூன்றாவது படத்தின் செம்பழுப்பு முதுகைப் பார்த்தால் சோனேட்டா என்று சொல்லத் தோன்றும். செயலியும் அதைத்தான் சொல்லியிருக்கும். ஆனால் டார்சாலிஸிலேயே முழுக் கறுப்பு முதுகிலிருந்து செம்பழுப்பு முதுகு வரை எல்லா வகையும் உண்டு. முடிவு சொல்ல வேண்டிய இறக்கை நுனி உங்கள் படத்தில் மங்கிவிட்டதால் இதை நான் பெயரிடாமலே விடுகிறேன்.

ஐந்தாவதில் முதுகில் மூன்று மஞ்சள் கோடுகள் இருக்கின்றன: பக்கங்களில் இரண்டு, நடுவில் ஒன்று. இது ஸூகோடேகஸ் பேரினம் (நெருங்கிய இனங்களைச் சேர்த்த தொகுப்பு). பழைய நூல்களில் பேக்ட்ரோசெரா என்றே இருக்கும். 2015-இல்தான் இது தனிப் பேரினமாக உயர்த்தப்பட்டது. பாகல் பந்தலில் எதிர்பார்க்கத் தக்கவை இரண்டு, குக்கர்பிட்டேயும் டாவும். குக்கர்பிட்டேயின் இறக்கையில் நுனிப் பொட்டைத் தவிர, பின்பக்கக் குறுக்கு நரம்பின் மேலும் புகை படிந்தது போல ஒரு பழுப்புப் பூச்சு இருக்கும். டாவில் அந்தப் பூச்சு இராது. அதன் முதுகில் கறுப்புத் திட்டுகள் கூடுதலாகத் தெரியும். உங்கள் படத்தில் குறுக்கு நரம்பு கறுத்திருக்கிறது, ஆகவே குக்கர்பிட்டே.

ஏழாவது பற்றிக் கவலைப்பட வேண்டாம். அது புதிய இனமும் அல்ல, நோயுற்றதும் அல்ல. கூட்டுப்புழுவிலிருந்து அன்றுதான் வெளிவந்திருக்கும். நிறமும் குறிகளும் முழுமையாகத் தெளிய இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அத்தகைய ஈயை எவ்வளவு நன்றாகப் படமெடுத்தாலும் பெயர் சொல்வது வீண் வேலை.

பூச்சிப்பெட்டி:

'குழு' என்ற சொல்லை விளக்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.

தென்னிந்தியாவில் டார்சாலிஸைப் போலவே தோற்றமளிக்கும் இன்னோர் இனம் உண்டு. பேக்ட்ரோசெரா கேரியே என்று பெயர். கறுப்பு முதுகு, இருபக்க மஞ்சள் கோடு, அறுபடாத இறக்கைக் கோடு ஆகிய எல்லாம் அதற்கும் உண்டு. அதுவும் மீத்தைல் யூஜினாலுக்கு வரும். மேலிருந்து எடுத்த படத்தில் இரண்டையும் பிரிக்க முயல்வது பயனற்றது. பார்க்க வேண்டிய இடம் கால்: கேரியேயின் தொடைகளில் பெரிய கறும்பழுப்புத் திட்டுகள் இருக்கும், டார்சாலிஸின் தொடைகள் பெரும்பாலும் வெளிர்மஞ்சளாகவே இருக்கும். ஆனால் சில டார்சாலிஸ் ஈக்களின் முன்னங்கால் தொடையிலும் சிறு புள்ளி இருப்பதுண்டு. எனவே ஒரு காலில் ஒரு புள்ளியைப் பார்த்தவுடன் கேரியே என்று எழுதிவிடக் கூடாது; நடுக்காலும் பின்னங்காலும் தெரிய வேண்டும். நம்மில் பலர் ஈயின் காலைப் படமெடுப்பதே இல்லை. பொறியில் செத்த ஈக்களோ காலை மடக்கி வைத்துக்கொண்டே சாகின்றன.

முதுகின் நிறம் குறித்து நண்பர் சொன்னது எவ்வளவு பெரிய விவகாரம் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2003-இல் கென்யாவில் ஒரு புதிய பழ ஈ பிடிபட்டது. அதன் முதுகு செம்பழுப்பிலிருந்து கறுப்பு வரை பலவாறாக இருந்தது. இலங்கையில் கிடைத்த ஈக்களோடு அது ஒத்துப்போனதால் அங்கிருந்து சென்றிருக்கலாம் என்று கருதினார்கள். 2005-இல் பேக்ட்ரோசெரா இன்வேடன்ஸ் என்று அதற்குத் தனிப்பெயர் சூட்டப்பட்டது. பத்தாண்டுகள் உருவ அளவு, மரபணு, இனச்சேர்க்கை, வாசனைப் பொருட்கள் என்று பல வழிகளில் ஆராய்ந்த பிறகு, 2015-இல் அது டார்சாலிஸேதான் என்று முடிவாகித் தனிப்பெயர் நீக்கப்பட்டது. மலேசியா, இந்தோனேசியாப் பகுதியின் பப்பாயே என்ற இனமும் அவ்வாறே டார்சாலிஸுக்குள் வந்துவிட்டது. ஆனால் அதே கூட்டத்தைச் சேர்ந்த கேரம்போலே இன்றும் தனி இனமாகவே நிற்கிறது. ஈயைக் கையில் வைத்துக்கொண்டு நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கே முதுகின் நிறம் இத்தனை வேலை வைத்தது என்றால், கைப்பேசிப் படத்தில் அதற்கு எவ்வளவு மதிப்பளிப்பது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். உங்கள் பொறியில் விழுபவை ஏறக்குறைய எல்லாமே ஆண்கள். மீத்தைல் யூஜினால் ஆணைத்தான் இழுக்கும். பெண் ஈயின் வயிற்று நுனியில் நீண்டு கூராக இருக்கும் முட்டையிடும் குழல் இனம் பிரிப்பதற்கு உதவும் உறுப்புகளுள் ஒன்று; ஆனால் அதை வெளியே இழுத்து அளந்து பார்க்க வேண்டும், படத்தில் அதன் நீளம் தெரியாது. கையில் ஈ இருந்தாலும் சில வேளை மரபணுச் சோதனை வரை போக வேண்டியிருக்கும். அத்தகைய தேவை வந்தால் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிலையம் போன்ற இடங்களில்தான் கேட்க வேண்டும்.

மாந்தோப்பு:

மேலே எழுதிய இருவரும் பொறுமையாக விளக்கியிருக்கிறார்கள். ஆனாலும் தோட்டம் வைத்திருப்பவன் என்ற முறையில் ஒன்று கேட்க விரும்புகிறேன். டார்சாலிஸ் என்றாலும் கரெக்டா என்றாலும் கேரியே என்றாலும் நான் கட்டப்போவது அதே மீத்தைல் யூஜினால் பொறி, செய்யப்போவது அதே வேலை: விழுந்த பழத்தைப் பொறுக்கிப் புதைப்பது, மரத்தடி மண்ணைக் கிளறிவிடுவது, காயைப் பழுக்கும் முன் பறிப்பது. தொடையில் புள்ளி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

பூச்சிப்பெட்டி:

நியாயமான கேள்வி. கொய்யா மரத்தடியில் நிற்கும்வரை உங்கள் பக்கமே சரி. ஆனால் நான்கடி தள்ளிப் பாகல் பந்தலுக்குப் போனால் அதே பொறி வேலை செய்யாது. குக்கர்பிட்டேயும் டாவும் மீத்தைல் யூஜினாலை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அவற்றின் ஆண்களுக்குக் கியூலூர் என்ற வேறோர் ஈர்ப்புப் பொருள் வேண்டும். முதுகில் இரண்டு கோடா மூன்று கோடா என்று எண்ணிப் பார்க்காமல் பந்தலில் மீத்தைல் யூஜினால் கட்டிவிட்டு, "பொறியில் ஈயே விழவில்லை, ஆகவே ஈயே இல்லை" என்று இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வெள்ளரி, பாகலில் வரும் டேகஸ் சிலியேட்டஸ் என்ற இன்னொரு பழ ஈ இந்த இரண்டு ஈர்ப்புப் பொருளுக்குமே வராது. அதன் முதுகில் மஞ்சள் கோடுகள் இல்லை என்பதால் படத்தில் பிரிப்பது எளிது.

ஏற்றுமதி என்று வந்துவிட்டால் பெயர்தான் எல்லாமே. 2014 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தையும் பாகல், புடலை, கத்தரி, சேம்பு ஆகியவற்றையும் நிறுத்தி வைத்ததற்குக் காரணம், முந்தைய ஆண்டில் வந்த சரக்குகளில் பழ ஈ உள்ளிட்ட பூச்சிகள் அகப்பட்டதுதான். மாம்பழத்துக்கான தடை 2015-இன் தொடக்கத்தில் நீங்கியது. எந்த இனம் எந்த நாட்டில் உண்டு, எதில் இல்லை என்ற கணக்கின் மேல்தான் அத்தகைய விதிகள் நிற்கின்றன.

நுண்பெருக்கி:

படமெடுக்கும் முறையைக் கேட்டிருந்தீர்கள். என் பழக்கத்தைச் சொல்கிறேன்.

பொறியில் பல நாள் கிடந்து காய்ந்த ஈயைப் படமெடுக்காதீர்கள். மஞ்சள் கோடுகள் காய்ந்தால் பழுப்பாகிவிடும். அதன்பின் கோடு இருந்ததா இல்லையா என்பதே சந்தேகமாகிவிடும். சாராயத்தில் போட்டு வைத்தாலும் மஞ்சள் வெளுக்கும். காலையில் பொறியைக் கொட்டிய கையோடு எடுத்துவிடுவது நல்லது. உயிருள்ள ஈ கிடைத்தால் சிறிய மூடி போட்ட டப்பாவில் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருக்கும், அதற்குள் வேலையை முடிக்க வேண்டும். உறைபெட்டியில் வைத்தால் செத்துவிடும்.

கைப்பேசியில் மாட்டும் சிறிய உருப்பெருக்கு ஆடி ஒன்று போதும். கைப்பேசியின் சொந்த ஒளியை மட்டும் பயன்படுத்தாதீர்கள். இந்த ஈக்களின் முதுகு பளபளப்பானது. நேரே விழும் வெளிச்சம் முதுகில் ஒரு வெள்ளைக் கோடாகப் பிரதிபலிக்க, அதை நடுக்கோடு என்று எண்ணிக் குக்கர்பிட்டே என்று எழுதிய படங்களை நான் திருத்தியிருக்கிறேன். சன்னலை ஒரு பட்டர்த்தாளால் மறைத்து, அதன் வழியே வரும் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். பின்னணிக்குச் சாம்பல் நிற அட்டை நல்லது. வெள்ளைத் தாளில் இறக்கை காணாமல் போகும். இலையின் மேல் வைத்தால் இலை நரம்பும் இறக்கை நரம்பும் ஒன்றாகிவிடும். பக்கத்தில் ஒரு கட்டம் போட்ட தாளின் துண்டை வைத்தால் அளவு தெரியும். டார்சாலிஸ் ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர், கரெக்டாவும் சோனேட்டாவும் அதைவிடச் சிறியவை. ஆனால் புழுப் பருவத்தில் உணவு போதாத டார்சாலிஸும் குட்டையாகவே இருக்கும் என்பதால் அளவைச் சாட்சியாக மட்டும் வையுங்கள், தீர்ப்பாக வைக்காதீர்கள்.

ஒரே ஈயை நான்கு கோணங்களில் எடுக்க வேண்டும்: மேலிருந்து, பக்கத்திலிருந்து கால்கள் தெரியும்படி, முகத்துக்கு நேராக, இறக்கை மட்டும் விரிந்த நிலையில். நான்கும் ஒரே ஈ என்பதற்கு ஓர் எண்ணைச் சீட்டில் எழுதிப் படத்திலேயே சேர்த்துவிடுங்கள். முகம் ஓர் ஈயுடையதும் இறக்கை வேறோர் ஈயுடையதுமாக அனுப்பிப் பெயர் கேட்பவர்கள் நிறையப் பேர். வாட்சாப்பில் அனுப்புவதாக இருந்தால் படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் சுருங்கிப்போய் இறக்கை நுனிப் பொட்டுதான் முதலில் மறையும்.

புழு விழுந்த கொய்யாவை ஈரமணல் பரப்பிய டப்பாவில் வைத்து மெல்லிய துணியால் மூடினால், புழு மணலில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ஏறத்தாழ பத்து நாளில் ஈ வெளிவரும். சர்க்கரைத் தண்ணீர் நனைத்த பஞ்சு வைத்து மூன்று நான்கு நாள் வளர்த்த பின் எடுத்தால், நிறம் தெளிந்த ஆணும் பெண்ணும் கிடைக்கும். எந்தப் பழத்திலிருந்து வந்தது என்பதும் உறுதியாகத் தெரியும். சில டப்பாக்களில் ஈக்குப் பதில் சிறு குளவி வெளியே வரலாம். அது ஈயின் முட்டையையோ புழுவையோ தாக்கும் ஒட்டுண்ணி. அதைக் கொல்லாமல் தோட்டத்தில் விட்டுவிடுங்கள்.

ஆயக்குடி வேலி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சொன்னபடி இருபத்து மூன்று ஈக்களை எண்ணிட்டு நான்கு கோணங்களில் எடுத்து, இறக்கை முதலில், முகம் பிறகு என்ற வரிசையில் நானே பிரித்துப் பார்த்தேன். பதினான்கில் இறக்கைக் கோடு அறுபடாமல் இருக்கிறது. ஏழில் கோடு அறுந்து நுனியில் பொட்டு இருக்கிறது. அந்த ஏழிலும் முகத்தில் மீசை இருக்கிறது. ஆகவே அவை கரெக்டா என்று எழுதியிருக்கிறேன். இரண்டு ஈக்களின் இறக்கை நுனி கிழிந்திருந்ததால் பெயரிடவில்லை. கொய்யாவிலிருந்து வளர்த்த டப்பாவில் இரண்டு வகையும் வந்தன. செம்பழுப்பு ஈ ஒன்று அதிலேயே வெளிவந்தது. இறக்கைக் கோடு அறுபடாமல் இருந்ததால் அது சோனேட்டா அன்று, டார்சாலிஸ் குழுவே என்று கொண்டேன். பாகல் பந்தலுக்குக் கியூலூர் பொறி வாங்கிக் கட்டியாயிற்று. பதினொன்றாம் எண் ஈயின் கால்களை மட்டும் தயவுசெய்து பாருங்கள்.

பூச்சிப்பெட்டி:

பார்த்தேன். முன்னங்கால், நடுக்கால் இரண்டின் தொடையிலும் திட்டு தெளிவாக இருக்கிறது. பின்னங்கால் வயிற்றின் நிழலில் மறைந்துவிட்டது. கேரியேயாக இருப்பதற்கு வாய்ப்பு அதிகம் என்பேன், அதற்கு மேல் இந்தப் படத்திலிருந்து சொல்ல மாட்டேன். 'டார்சாலிஸ் குழு, கேரியேயாக இருக்கலாம்' என்று குறித்து வைத்துக்கொண்டு, அந்த ஈயைத் தூக்கிப் போடாமல் ஒரு சிறு காகிதப் பொட்டலத்தில் எண்ணோடு மடித்து உறைபெட்டியில் வையுங்கள். செயலியில் ஏற்றினீர்களென்றால் அதிலும் இனப்பெயர் வரை போகாமல் பேரினத்தோடு நிறுத்திவிடுங்கள்.